சத்தம் முந்தி வந்தது

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டுவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் ஃபோர்மன் சொல்லித் தருவார். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார். இப்போது சாமான் பெட்டியில் அடைத்து, அளவு அச்சடித்து வருகிறது. நான் வேலை செய்த வருஷங்களில் எந்த நட்டை எந்த ஸ்பானரால் திருப்பினேன் என்பதெல்லாம் மறந்துகொண்டே வருகிறது. மறக்காமல் நிற்பவை நான் செய்த தப்புகள்தான். அவற்றில் பெரிய தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் நான் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள்.

ஜப்பான்காரன் காலம் அது. எங்கள் கெடா மாநிலத்தைச் சயாமுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றார்கள். ஆனாலும் சாலையில் துப்பாக்கியோடு நின்றவன் ஜப்பான்காரன்தான். நான் சுங்கை பட்டாணியில் ஒரு லோரிப் பட்டறையில் மெக்கானிக். வயது இருபத்து மூன்று. எங்களுக்குத் தலைமையாக இருந்தவர் சண்டை தொடங்கியபோது சிங்கப்பூர்ப் பக்கம் போனார், திரும்பவில்லை. ஆகவே அந்த வயதிலேயே பட்டறையில் கடைசிச் சொல் என்னுடையது. யாரும் என்னை எதிர்த்துப் பேசுவதில்லை. ஒரு மெக்கானிக்குக்கு அது எவ்வளவு கெடுதல் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பட்டறைக்கும், அங்கே ஓடுகிற நிலையில் இருந்த ஒரே லோரிக்கும் சொந்தக்காரர் ஒரு தமிழ் முஸ்லிம் வியாபாரி. பாசாருக்கு எதிரே கடை வைத்திருந்தார். நாங்கள் எல்லாரும் அவரை நானா என்றே கூப்பிடுவோம். லோரியை ஓட்டியவர் பாலிங் பக்கத்து மலாய்க்காரர். பாக் மாட் என்போம். எங்களோடு பழகிப் பழகித் தமிழும் பேசுவார், ஆனால் எந்த மொழியிலும் அதிகம் பேசமாட்டார்.

பெட்ரோல் கிடையாது. லோரியின் பின்பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை இருக்கும். அதில் கரியைப் புகையவிட்டு, வருகிற வாயுவில் இஞ்சினை ஓட்டுவோம். கரி போட, சாம்பலைக் கிளற, நெருப்பை ஒரே சீராக வைத்திருக்க ஓர் ஆள் தேவை. அந்த ஆள் உருளைக்குப் பக்கத்தில் ஒரு பலகைமேல் நின்றபடியே பயணம் முழுக்க வரவேண்டும். சூடு, புகை, குலுக்கல். வந்த ஆண்கள் இரண்டு மூன்று நாளில் ஓடிப்போனார்கள். ஆண்கள் சாலையில் தலைகாட்டினால் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப்போன காலம் வேறு. கடைசியில் அந்த வேலைக்கு வந்து நிலைத்தவர் ஒரு பெண்.

அவர் சுங்கை லாலாங் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர். தோட்டம் படுத்த பிறகு கரி சுட்டு விற்றார். நானா அவரிடம்தான் கரி வாங்கினார். ஒரு நாள் அவரே வந்து, "எங்கரிய நானே போடுறேன் நானா. மத்தவங்க போட்டா பாதி வீணாப்போவுது" என்று வேலை கேட்டார். முப்பது வயதைத் தாண்டியிருப்பார். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் பட்டறையில் கரியக்கா என்றுதான் சொன்னோம், அதையே அவரும் ஏற்றுக்கொண்டார். அவருடைய கணவரைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. மூன்று மாத வேலை என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள்.

இப்படி இருக்கும்போது நானாவுக்கு ஓர் அனுமதிச் சீட்டு கிடைத்தது. பாலிங், குரோ வழியாக எல்லையைத் தாண்டி, பெத்தோங் மலைக்காட்டுச் சாலையில் ஏறி இறங்கி யாலாவுக்குப் போகலாம். இங்கிருந்து பாக்கு மூட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அங்கிருந்து உப்பும் கருவாடும் ஏற்றி வரலாம். ஐந்து தோட்டங்களுக்கான உப்பு. தோட்டத்து ஆட்கள் அப்போது மரவள்ளிக்கிழங்கை உப்பில்லாமல் அவித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். உப்பில்லாத கிழங்கு இரண்டாவது வாரத்தில் தொண்டையில் இறங்காது. பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டு அழும். ஆகவே இது வெறும் வியாபாரம் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். சீட்டில் ஒரே ஒரு நிபந்தனை. புதன்கிழமை பொழுது சாய்வதற்குள் குரோ சாவடியைக் கடந்துவிடவேண்டும்.

செய்தி கேட்ட அன்றே கரியக்கா நானாவிடம் வந்தார்.

"யாலால ரயில் ஸ்டேசன் இருக்கா நானா?"

"இருக்கும்மா."

"சயாம் ரயிலா?"

"சயாம் ரயில்தான். ஆனா ஒம் புருசன் வேல செய்யிற பாதை அது இல்லம்மா. அது எங்கியோ வடக்க இருக்கு."

"பரவால்ல நானா. வடக்கேருந்து வர்ற ஆளுங்க எறங்குவாங்கல்ல. ஒரு வார்த்த கேட்டுப் பாக்குறேன்."

அன்றிலிருந்து அவர் கரியைத் துண்டு துண்டாகப் பார்த்துப் பொறுக்கி வெயிலில் காயவைத்தார். வழிக்கு வேண்டியதைப் போல இரண்டு பங்கு சாக்கில் கட்டினார். எங்களில் யாரும் அந்தப் பயணத்துக்காக அவரைப்போல ஏங்கவில்லை.

திங்கட்கிழமை பாக் மாட் பாரத்தோடு வந்த லோரியைப் பட்டறைக்குள் விட்டுவிட்டு, "பாவா பூஞி" என்றார். கீழே சத்தம். ஓட்டிப் பார்த்தேன். டொக், டொக் என்று இடித்தது. பின்பக்கம் இடதுபுறத்திலிருந்து வருவதுபோல் எனக்குக் கேட்டது. படுத்துப் பார்த்தேன். பின் ஸ்பிரிங்கைத் தாங்குகிற புஷ் என்ற வளையம் தேய்ந்துபோய் விரல் நுழையும் அளவுக்கு ஆடியது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. தேடினேன், கிடைத்தது, முடிந்தது.

நான் கீழேயிருந்து எழுந்து வரும்போது கரியக்கா பக்கத்தில் நின்றார். "தம்பி, அது முந்தி வருது."

"எது?"

"சத்தம். முந்தி வருது. நான் நிக்கிற எடத்துல..."

"அக்கா, நீங்க கரியப் பாருங்க. நான் லோரியப் பாத்துக்கிறேன்லா."

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் போய்ச் சாம்பலை அள்ள ஆரம்பித்தார். இந்த இடத்தை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தேய்ந்த சாமானைக் கண்டுபிடித்திருந்தேன். அது உண்மையாகவே தேய்ந்திருந்தது. ஆனால் பழைய லோரியில் தேடினால் பத்துத் தேய்மானம் அகப்படும். அகப்பட்ட தேய்மானம்தான் சத்தம் போடுகிறது என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பழைய டயரை வெட்டி ஒரு புஷ் செய்து மாட்டினேன். லோரியைப் பெடோங் வரை ஓட்டிவிட்டுத் திரும்பினேன். ஒரு சத்தமும் இல்லை. நானா தன் கடையிலிருந்து எனக்குக் காப்பி அனுப்பினார்.

புதன்கிழமை விடிந்ததும் பாக்கு மூட்டைகளை ஏற்றினோம். கிட்டங்கியிலிருந்து கடைவாசல் வரை கால் மைல் இருக்கும், குண்டும் குழியுமான சாலை. லோரி வந்து கடைவாசலில் நின்றது. வழியனுப்ப ஆட்கள் கூடியிருந்தார்கள். ஐந்து தோட்டத்திலிருந்தும் யாராவது ஒருவர் வந்திருந்தார். நானா பிஸ்மி சொல்லி முன்சீட்டில் ஏறக் காலைத் தூக்கினார்.

கரியக்கா பலகையிலிருந்து இறங்கினார். பலகையோரம் கட்டியிருந்த தன் துணி மூட்டையை அவிழ்த்தெடுத்துக் கீழே வைத்தார்.

"நான் வரல நானா."

நானாவுக்கு முதலில் விளங்கவில்லை. "என்னம்மா, ஒடம்புக்கு முடியலியா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. சத்தம் போவல. மல எறக்கத்துல இது நம்மளக் கொண்டுபோய்த் தள்ளிரும்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அத்தனை பேர் முன்னால் என் வேலையைக் குறை சொல்கிறாரே என்றிருந்தது. "நேத்து பெடோங் வரைக்கும் நானே ஓட்டிப் பாத்தேன். ஊசி விழுந்த சத்தம்கூட இல்ல."

"நேத்து மூட்ட இல்ல தம்பி" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை.

நானா பாக் மாட்டைப் பார்த்தார். பாக் மாட் கையை நீட்டி இஞ்சினை நிறுத்தினார். கரிவாயு லோரியை நிறுத்துவது லேசான காரியமில்லை. மறுபடி கிளப்ப அரைமணி நேரம் நெருப்பை ஊதுகிற காற்றாடியைச் சுற்றவேண்டும். அதைத் தெரிந்துதான் அவர் நிறுத்தினார். அதுதான் அவர் சொன்ன பதில்.

நானா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. போலாமா, கூடாதா?"

இந்தக் கேள்வி உங்கள் ஒவ்வொருவரையும் ஒரு நாள் தேடிவரும். அப்போது உங்களைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள், நேரம் ஓடிக்கொண்டிருக்கும், உங்கள் பெயர் நடுவில் தொங்கும். எனக்கு "போலாம்" என்ற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்லவிடாமல் என்னைத் தடுத்தது என் அறிவு இல்லை. தரையில் கிடந்த அந்தத் துணி மூட்டைதான். சுருட்டிக் கட்டிய ஒரு கைலிச் சாரமும் ஓர் ஆண்பிள்ளைச் சட்டையும் அதன் முடிச்சில் தெரிந்தன. கணவர் அகப்பட்டால் கொடுக்கலாம் என்று எடுத்துவந்திருக்கிறார். இந்த லோரியில் ஏறிப் போக எங்கள் எல்லாரையும்விட அதிகம் ஆசைப்பட்டவர் இந்த மனுஷி. அவர் இறங்கி நிற்கிறார். பயந்து இறங்குகிறவர் இல்லை. எரிகிற உருளைக்குப் பக்கத்தில் மாதக்கணக்காக நின்று வந்தவர்.

"அக்கா" என்றேன். "முந்தி வருதுன்னு சொன்னீங்களே. அது என்னன்னு சொல்லுங்க."

இரண்டு நாள் பிந்திக் கேட்டேன். அவர் அதைக் குத்திக்காட்டாமல், இரண்டு கைகளையும் முன்னும் பின்னுமாக வைத்துக் காட்டிச் சொன்னார். "முன் சக்கரம் குழியில எறங்குது. அப்பறம் ஒரு மூச்சு விடுற நேரங்கழிச்சுப் பின் சக்கரம் எறங்குது. அப்பதான் நான் நிக்கிற பலக குலுங்குது. பின்னாலதான் கோளாறுன்னா, சத்தம் எம்பலக குலுங்குறப்பதானே வரணும்? அப்படி வரல. எம்பலக குலுங்குறதுக்கு முந்தியே வந்துருது. மூட்ட இருந்து, பிரேக்கும் புடிச்சாத்தான் வருது."

சத்தம் பின்னால் கேட்டது உண்மை. ஆனால் சேஸ் என்பது முன்னாலிருந்து பின்னால்வரை ஓடுகிற நீளமான இரும்பு. ஒரு முனையில் தட்டினால் மறுமுனையில் கேட்கும். காது இடத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டது. நேரம் தப்பாகச் சொல்லாது. அதை அளக்க அவரிடம் இருந்தது ஒரு பலகையும் இரண்டு வெறும் கால்களும்தான். இன்றைக்கு இருக்கிற எந்தக் கருவியையும்விட அது சுத்தமான கணக்கு.

பாக் மாட்டை மறுபடி கிளப்பச் சொன்னேன். கரியக்கா பலகையில் ஏறினார். "பலக குலுங்குறப்பல்லாம் தகரத்துல தட்டுங்கக்கா" என்று சொல்லிவிட்டு, நான் லோரிக்குப் பக்கத்தில் நடந்தேன். பாக் மாட் குழிகளைப் பார்த்துப் பார்த்து இறக்கி, ஒவ்வொன்றிலும் பிரேக்கை மிதித்தார். டொக். பிறகு கரியக்காவின் கை தகரத்தில். டொக். பிறகு கை. மூன்றாவது குழியில் நான் நின்றுவிட்டேன். அதற்கு மேல் கேட்கத் தேவையில்லை.

முன்பக்க இடது ஸ்பிரிங்கைக் கழற்றினேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகளை அச்சோடு சேர்த்து இறுக்குகிற இடத்துக்கு அடியில், வெளியே கொஞ்சமும் தெரியாதபடி, மேல்பட்டை வெடித்திருந்தது. வெடிப்பின் ஒரு பக்கம் துருப்பிடித்துக் கறுத்திருந்தது, அது பழையது. மறுபக்கம் புதுக்காசுபோல மின்னியது; அது இந்த வாரத்தில் வெடித்தது. இரண்டுக்கும் அப்பால் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு சுண்டுவிரல் அகலம். அது விட்டிருந்தால் முன் அச்சு பின்னால் தள்ளும், ஸ்டேரிங் சொன்னபடி கேட்காது. சமவெளியில் என்றால் வாய்க்காலில் இறங்கியிருப்போம். பெத்தோங் சாலையில் வாய்க்கால் கிடையாது.

வேறு பட்டைக்கு எங்கே போவது? ஊரில் ஒரு சீனக் கொல்லர் இருந்தார். பழைய லோரி ஸ்பிரிங்குகளை வெட்டிப் பாராங் கத்தியும் மண்வெட்டியும் அடித்துக் கொடுப்பார். அவரிடம் அதே அகலத்தில் ஒரு பட்டை இருந்தது. நான் கொண்டுபோன உடைசலின் இரண்டு நிறத்தையும் அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வளைத்து, முனையைச் சுருட்டி, பதம் போட்டுத் தர மறுநாள் விடியற்காலை ஆகும் என்றார் மலாயில். சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று கெஞ்சினேன்.

"இப்போதே எடுத்துப் போ" என்றார். "ஆனால் நான் அடித்தது என்று யாரிடமும் சொல்லாதே."

விடியற்காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். தன் வேலைமீது ஒருவர் இப்படிப் பேசினால் அவரிடம் பேரம் பேசக்கூடாது.

அதற்குள் நானா சீட்டுக்கு ஒரு நாள் நீட்டிப்புக் கேட்கப் போயிருந்தார். அந்தக் காலத்தில் அதிகாரியிடம் போய் இரண்டாம் முறை எதையாவது கேட்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. மத்தியானம் திரும்பி வந்தார். தொப்பி கையில் இருந்தது. ஒரு கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது.

"ஒரு நாள் குடுத்துட்டான்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "நானா, என்னாலதான்..."

"சாப்பிட்டியா? சாப்பிட்டுட்டுப் போய் வேலையப் பாருப்பா."

அவ்வளவுதான் சொன்னார். ஒரு நாள் இழந்தது, அறை வாங்கியது, எதையும் என் கணக்கில் எழுதவில்லை. நான் பிற்காலத்தில் ஃபோர்மனாகி என் கீழே ஆட்களை வைத்து வேலை வாங்கியபோது, ஒருவன் பெரிய தப்புச் செய்துவிட்டு என் முன்னால் நின்றால், முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டுப் பழகியது அன்றிலிருந்துதான்.

வியாழக்கிழமை விடியற்காலையில் பட்டையை வாங்கி மாட்டிவிட்டுக் காலையிலேயே கிளம்பினோம். நானா முன்னால், நான் மூட்டைகள்மேல், கரியக்கா பலகையில். குரோவைத் தாண்டிப் பெத்தோங்கில் தங்கினோம். மறுநாள் மலை. அந்தச் சாலையைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்தேன். கேள்விப்பட்டது பாதிகூட இல்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் காட்டின் தலை. மரத்தின் உச்சிகள் நம் சக்கரத்துக்குக் கீழே தெரியும். நீளமான ஓர் இறக்கத்தின் வளைவில் பாக் மாட் லோரியை நிறுத்தி, இறங்கிப்போய் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். கீழே வெகு ஆழத்தில் கொடி படர்ந்து ஒரு லோரி தலைகீழாகக் கிடந்தது. எப்போது விழுந்ததோ. பாக் மாட் எங்கள் லோரியின் முன் ஸ்பிரிங்கைக் கையால் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு பின்பக்கம் போய், கரியக்காவுக்குக் குடிக்கத் தன் தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்தார். "பெலான் பெலான் போலாம்" என்றார். மெதுவாகத்தான் போனோம். கீழேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

யாலாவில் மூட்டைகளை இறக்கும்போது நானா என்னைக் கூப்பிட்டார். "இத நாங்க பாத்துக்கிறோம். நீ அவங்களக் கூட்டிக்கிட்டு ஸ்டேசனுக்குப் போ."

அங்கே மலாய் பேசுகிற ஆட்கள்தான் அதிகம். எங்களுக்குப் பேச்சு சிரமம் இல்லை. நிலையத்தில் ஓர் அம்மா தேத்தண்ணி விற்றுக்கொண்டிருந்தார். கரியக்கா அவரிடம் போய், "சுங்கை லாலாங் தோட்டம். முனியாண்டி. இந்த உயரம். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு" என்று மலாயில் சொன்னார். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பார்போல, ஒரு வார்த்தை தடுமாறவில்லை.

அந்த அம்மா அப்படி ஒரு பெயர் தெரியாது என்றார். "ஆனால் நேற்று ஒரு ரயில் வந்தது. வடக்கேயிருந்து. மத்தியானம் முழுக்க இங்கேயே நின்றது. பெட்டி நிறைய உங்கள் ஆட்கள். எல்லாரும் நோயாளிகள், எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. தண்ணீர் கேட்டார்கள். நான் கொடுத்தேன். சாயங்காலம் கிளந்தான் பக்கம் போய்விட்டது."

நேற்று. வியாழக்கிழமை மத்தியானம். முதலில் போட்டிருந்த திட்டப்படி வந்திருந்தால் நாங்கள் யாலாவில் இருந்திருக்கவேண்டிய நேரம்.

கரியக்காவின் கணவர் அந்த ரயிலில் இருந்தாரா, தெரியாது. இருக்கவேண்டும் என்றும் இல்லை. ஆனால் ஒரு பெட்டி நிறையத் தமிழ் ஆட்கள், ஒரு மத்தியானம் முழுக்க. யாராவது ஒருவருக்கு ஏதாவது ஒரு சேதி தெரிந்திருக்கும்.

கரியக்கா தண்டவாளத்தைப் பார்த்தபடி குந்தி உட்கார்ந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கும் தைரியமில்லாமல் நின்றேன். அவர்தான் முதலில் பேசினார்.

"புதங்கெழமயே கெளம்பியிருக்கணும்னு நெனக்கிறியா தம்பி? கெளம்பியிருந்தா நாம வந்தே சேந்துருக்க மாட்டோம்."

சொல்லிவிட்டு எழுந்தார். சேலையைத் தட்டிக்கொண்டார். துணி மூட்டையைத் தேத்தண்ணிக்கார அம்மாவிடம் கொடுத்து, இனி அப்படி ஒரு ரயில் வந்தால் துணியில்லாமல் இருக்கிற யாருக்காவது கொடுக்கச் சொன்னார். "வா, கரி ஈரமாயிருக்கு. காய வெக்கணும்."

திரும்பும்போது உப்பு மூட்டைகள். பாக்கைவிடக் கனம். அதே வளைவுகளை இப்போது பள்ளத்தின் ஓரமாகக் கடந்தோம். அவர் பலகையில் நின்று, நெருப்பு ஒருமுறைகூடத் தணியாமல் பார்த்துக்கொண்டார். ஒவ்வோர் இறக்கம் முடிந்ததும் நான் எட்டிப் பார்ப்பேன். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டுவார். நாங்கள் போய்ச் சேர்ந்து உப்பைப் பங்கிட்டபோது, ஆட்கள் வாங்கிய கையோடு ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சுங்கை லாலாங் தோட்டத்தின் பங்கைக் கரியக்காவே அளந்து போட்டார்.

ஜப்பான்காரன் போனான். பெட்ரோல் வந்தது. கரி உருளையைக் கழற்றிப் பட்டறைக்குப் பின்னால் போட்டோம். சயாமிலிருந்து பிழைத்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். முனியாண்டி வரவில்லை. அதே தோட்டத்துக்காரர் ஒருவர், ஏதோ ஒரு முகாமில் அவரைக் கடைசியாகப் பார்த்ததாகவும் அதற்குப் பிறகு தெரியாது என்றும் சொன்னார்.

தோட்டத்தில் மறுபடி பால் வெட்டு ஆரம்பித்ததும் கரியக்கா வேலையை விட்டு நிற்க வந்தார். நானாவிடம் சொல்லிக்கொண்டு, என்னிடமும் சொல்லிக்கொள்ளப் பட்டறைக்குள் வந்தார். அதுவரை சொல்லாததை அன்றைக்கு விட்டால் சொல்லவே முடியாது என்று எனக்குத் தோன்றியது.

"அக்கா, திங்கக்கெழம நீங்க வந்து சொன்னீங்க. அன்னிக்கே நான் கேட்டிருந்தா செவ்வாக்கெழம பட்ட ரெடியாயிருக்கும். புதங்கெழம நல்ல லோரியில கெளம்பியிருப்போம். அந்த ரயில் நிக்கிறப்ப நீங்க அங்க இருந்திருப்பீங்க."

"தெரியும் தம்பி."

"எப்பலேருந்து தெரியும்?"

"அந்தம்மா சொன்னப்பவே."

"அப்ப ஏங்க்கா என்னை ஒரு வார்த்த திட்டல? எனக்கு ஆறுதல் வேற சொன்னீங்களே."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இது தெரியாதா உனக்கு என்பதுபோல. "அங்க வெச்சுத் திட்டியிருந்தா நீ ஒடஞ்சு போயிருப்ப. வர்ற வழியில அத்தன வளைவு இருந்துச்சு. மேல அவ்வளவு உப்பு. ஒண்ணு ஆச்சுன்னா லோரியப் பாக்க நீ ஒருத்தன்தான் இருந்த."

அந்தப் பிளாட்பாரத்தில், தண்டவாளத்தைப் பார்த்துக் குந்தியிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், அவர் யோசித்தது இதைத்தான். தன் துக்கத்தை ஓரத்தில் வைத்துவிட்டு, லோரி ஊர்போய்ச் சேர என்ன வேண்டும் என்று பார்த்திருக்கிறார். என் மனசு உடையாமல் இருக்கவேண்டும். அதற்கு வேண்டியதை மட்டும் சொல்லியிருக்கிறார். நெருக்கடியில் நிதானம் என்று பலர் பேசுவதைப் பிற்காலத்தில் கேட்டிருக்கிறேன். அந்த அளவுக்கு நிதானத்தை நான் மறுபடி யாரிடமும் பார்க்கவில்லை. என்னிடமும் இல்லை.

"இப்பத் திட்டுங்கக்கா" என்றேன்.

"இப்ப எதுக்கு? இப்பல்லாம் நீ கேட்டுட்டுத்தான் கீழ படுக்குற. நானும் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்."

சொல்லிக்கொண்டு பெடோங் சாலையில் நடந்து போனார். அன்றைக்குப் பட்டறையில் மூன்று லோரிகள் காத்து நின்றன. முதல் லோரிக்காரர் என்னைப் பார்த்ததும், முன்பக்கம் ஏதோ இடிக்கிறது என்று ஆரம்பித்தார். கிளீனரும் கூட நின்றார். நான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "மொதல்லேருந்து சொல்லுங்கண்ணே" என்றேன். இரண்டு பேரும் சொல்லி முடிக்கும்வரை லோரிக்கு அடியில் குனியவில்லை.